உன் பையில் இல்லாத பணயம்

ஹனபேபே, காவாய் தீவு
1978 செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை

வெண்டலுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், அவருடைய முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. நீ சௌக்கியமா என்று நான் கேட்கப் போவதில்லை. தெருவுக்குத் தெரு கம்பத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்குகிறவனுக்கு என்ன குறை இருக்கப் போகிறது. உன் மனைவி ஜூன் சௌக்கியமாக இல்லை என்பதும் எனக்குத் தெரியும், அவளே எழுதியிருக்கிறாள். குட்டி டெபிக்கு இருமல் விட்டதா என்பதை மட்டும் எழுது. மற்றது எதையும் நீ எனக்கு விளக்க வேண்டாம், இந்த முறை விளக்கப் போவது நான்.

பக்கத்து வீட்டு ஷிகெகோ மகளின் பிரசவத்துக்காக உங்கள் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வந்திருந்தாள் அல்லவா, போன வாரம் திரும்பிவிட்டாள். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஒரு காகிதச் சுருளைத் தூக்கிக்கொண்டு நேரே என் சமையலறைக்கு வந்து, "அடியே மிசாயோ, கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாரு, உன் புள்ள எங்கயோ போயிட்டான்" என்று மேசைமேல் விரித்தாள். நான் ஊறுகாய்க்கு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். மேலே உன் முகம், கன்னத்தில் எண்ணெய் தடவின மாதிரி. பக்கத்தில் சின்னதாக என் அண்ணன் தமோட்சு, பட்டாளத்து உடுப்பில். கீழே கொட்டை எழுத்தில் சிவப்பாக 'கோ ஃபார் புரோக்', இருப்பதையெல்லாம் வைத்து ஆடு. அதற்கும் கீழே, ஆயிரம் பெண்கள் முடிச்சிட்ட கச்சையை இடுப்பில் கட்டிக்கொண்டு பிரான்சு தேசத்துக் காட்டில் உயிரைப் பணயம் வைத்த வீரனின் மருமகன் நான், உங்களுக்காக நானும் எல்லாவற்றையும் வைக்கிறேன் என்று சட்டசபைக்கு ஓட்டுக் கேட்கிறாய். ஷிகெகோ பெருமையாகத்தான் கொண்டுவந்தாள், பாவம். என் முகத்தைப் பார்த்துவிட்டு "ஏன்டி, நல்லா இல்லையா?" என்றாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன், கையில் இருந்தால் வம்பு என்று.

அப்பா அதை இரண்டு தரம் படித்தார். கத்தரிக்கோலை எடுத்துத் தமோட்சுவை மட்டும் பதமாக வெட்டி என் கையில் கொடுத்தார். மீதியைக் கொண்டுபோய், சாரல் அடிக்கிறது என்று நான் ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்த கோழிக்கூண்டின் ஓரத்தில் ஆணி அடித்துவிட்டு வந்தார். உன் முகம் உள்பக்கம் பார்த்திருக்கிறது. கோழிகள் முட்டையைக் குறைக்கவில்லை, அந்தக் கவலை உனக்கு வேண்டாம். காகிதத் தமோட்சுவை நான் எங்கே வைத்தேன் தெரியுமா, வீட்டுப் பூஜை அலமாரியில், புது வருஷத்துக்கு வந்தபோது நீ கழற்றிக்கொண்டு போனாயே அந்தப் படம் இருந்த இடத்தில். பிரதி எடுத்துவிட்டு அனுப்புகிறேன் என்றாய். அன்றிலிருந்து தினமும் காலையில் சூடான சோறும் தேநீரும் நான் வெறும் சட்டத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதாவது வெட்டின காகிதம் ஒன்று இருக்கிறது, அதற்கும் உனக்கு நன்றி சொல்லத் தேவையில்லை.

சரி, ஜூன் எழுதியதற்கு வருகிறேன். அவள் உன்னைப் பற்றிக் கோள் சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்குக் கோள் சொல்லத் தெரிந்திருந்தால் எனக்கு இத்தனை மாதம் கழித்தா தெரிந்திருக்கும். ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள். அவளுடைய பூச்செடி நர்சரியை அடமானம் வைத்துத் தேர்தல் செலவுக்குக் கடன் வாங்கப் போகிறாய், எல்லாம் பேசி முடித்துவிட்டாய், அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவள் தயங்கினால் நீ சுவரொட்டியைக் காட்டுகிறாயாம். "அத்தை, இது எங்க குடும்பத்து வார்த்தை, பாதிய எடுத்து ஒளிச்சு வச்சா அது வேற ஆட்டம்னு சொல்றாரு. மாமா உயிரையே வச்சாரு, நீ பூந்தொட்டிய வைக்க மாட்டியான்னு கேக்குறாரு. நான் அதுக்கு என்ன பதில் சொல்றது? அது உங்க வீட்டு வார்த்தை, எனக்கு அர்த்தம் தெரியாது" என்று எழுதியிருக்கிறாள். பூந்தொட்டி என்றா சொன்னாய். அவளுடைய அப்பா, யுத்த காலத்தில் ஜப்பான்காரர்களை அடைத்துவைத்த முள்வேலி முகாமிலிருந்து மனைவியையும் கைக்குழந்தை ஜூனையும் கூட்டிக்கொண்டு திரும்பியபோது அந்தக் கண்ணாடிக் கொட்டகையில் ஒரு சில்லு முழுசாக இல்லை. நாம் பெண் பார்க்கப் போன அன்று அந்த மனிதர் உள்ளங்கையை விரித்து, கண்ணாடி கிழித்த தழும்புகளை என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எவனோ உடைத்துவிட்டுப் போனதை ஒவ்வொரு சில்லாகப் பதித்து, பால் டின்னில் நாற்று வளர்த்து, சாகும்போது மகள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். உன் பேருக்கு எழுதவில்லை. மனிதர் ஆள் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

அந்த வார்த்தையின் அர்த்தத்தை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது வெண்டல்? இப்போது டயர் கடைக்காரன் சொல்கிறான், பந்து விளையாடுகிற பிள்ளைகளின் வாத்தியார் சொல்கிறார், போன மாதம் தள்ளுபடி விலைக்குச் சோபா விற்கிறவன் வானொலியில் சொன்னான். அமெரிக்காவுக்காகச் சண்டை போட்ட தமோட்சுவின் பட்டாளம் அதைக் கொடியில் எழுதிக்கொண்டதால் எல்லோரும் அது பட்டாளத்து வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பையன்கள் அதை இங்கிருந்து, கரும்புத் தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருந்த லயத்திலிருந்து, அழுக்குக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். சம்பள ஞாயிறன்று குளியல் கொட்டகைக்குப் பின்னால் கம்பளி விரித்துத் தாயக்கட்டை உருட்டுவார்கள். ஜப்பான்காரர், பிலிப்பைன்காரர், போர்த்துக்கீசியர், ஹவாய்க்காரர், எல்லாக் கையும் அந்தக் கம்பளியில்தான். கங்காணி வந்தால் கலைவார்கள், போனால் கூடுவார்கள். ஒருவன் பைக்குள் கைவிட்டு இருப்பதையெல்லாம் வழித்துக் கம்பளியில் போட்டு, பையை வெளியே இழுத்து உதறிக் காட்டிவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். பை வெளியே தொங்க வேண்டும், நாய் நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி. அதுதான் சட்டம். சொன்ன பிறகு தோற்றால் எழுந்து போய்விட வேண்டும், பக்கத்தில் இருக்கிறவனிடம் கைநீட்டக் கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு, அதை உன் சுவரொட்டியில் போட இடம் இருக்காது. பைக்குள் இல்லாத எதையும் வைக்கக் கூடாது.

ஷிகெகோவின் அப்பா ஓகிமோட்டோ ஒரு தடவை எல்லாவற்றையும் தோற்றுவிட்டு, ரத்தம் தலைக்கேறி, வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியின் தையல் மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கம்பளி நடுவில் இறக்கிவிட்டுக் கத்தினாராம், இந்த வார்த்தையைத்தான். அந்த அம்மா லயத்துக்கே சட்டை தைத்துக்கொடுத்து நாலு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவள். அன்றைக்குக் கட்டை தமோட்சு கையில் இருந்தது. அவன் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "ஓஜிசான், பெரியவரே, இந்த மிஷின் உங்க பையில எப்படி இருந்துச்சு? பையக் காட்டுங்க, எவ்ளோ பெருசுன்னு நாங்களும் பாக்குறோம்" என்றானாம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரிய கெயோனி, அந்த ஹவாய்க்காரன், மிஷினை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு போய் அந்த அம்மா முன்னால் வைத்துவிட்டு, உள்ளே போகாமலே திரும்பிவிட்டான். போன வாரம் இதை என் சமையலறையில் ஷிகெகோதான் மறுபடியும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, "அடப்பாவி, அவன் நர்சரியத் தூக்கிட்டு வந்து நிக்கிறான்" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளுக்கே விளங்கிவிட்டது. சட்டம் படித்த உனக்கு விளங்கவில்லை.

இனி அந்தக் கச்சை. கூட்டத்து மேடையில் நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், விமானச் சீட்டு வந்து சேரும் என்று எழுதியிருக்கிறாய். என்னைக் கேட்கவில்லை, சொல்லியிருக்கிறாய். நீ எட்டு வயதில் பெட்டியைக் குடைந்து அதைப் பார்த்துவிட்டு யாருடையது என்று கேட்டாய், மாமாவுடையது என்றேன். அதோடு நீ கதையை நீயே எழுதிக்கொண்டாய். அந்தத் துணியில் ஒரு வியர்வைக் கறை இருக்கிறதா? ஒரு சுருக்கம் இருக்கிறதா? இடுப்பில் கட்டிச் சண்டைக்குப் போன துணி அப்படியா இருக்கும்? தமோட்சு அதைக் கட்டிக்கொள்ளவே இல்லை வெண்டல்.

துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு எங்கள் அப்பா ஜப்பான் வாடை அடித்த எல்லாவற்றையும் குளியல் கொட்டகை அடுப்பில் போட்டுவிட்டார். அரசர் படம் போயிற்று, அம்மாவின் கல்யாணக் கிமோனோ போயிற்று, என் பொம்மைகூடப் போயிற்று. இந்தக் கச்சையும் ஜப்பானில் சிப்பாய்களுக்குப் பெண்கள் முடிச்சிட்டுக் கொடுப்பதுதான், பிடிபட்டால் அப்பாவை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் தமோட்சு பட்டாளத்தில் சேர்ந்ததும் நான் துணியைச் சோற்று டப்பாவின் அடித்தட்டில் மடித்து, மேல்தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு லயம் லயமாகப் போனேன். ஒரு பெண்ணுக்கு ஒரு முடிச்சு, சிவப்பு நூல். ஓரம் அடித்தது ஓகிமோட்டோ அம்மாவின் அதே மிஷினில். புலி வருஷத்தில் பிறந்தவள் மட்டும் தன் வயசு எத்தனையோ அத்தனை முடிச்சு போடலாம், புலி எவ்வளவு தூரம் போனாலும் தன் குகைக்குத் திரும்பி வந்துவிடும் என்று நம்பிக்கை. நான் புலி வருஷத்துக்காரி. என் வயசு முடிச்சையெல்லாம் நான் போட்டேன். கேட்டுக்கொள், அது வெற்றிக்குப் போடுகிற முடிச்சு இல்லை, வீரத்துக்கும் இல்லை, திரும்பி வருவதற்குப் போடுவது.

கிளம்புவதற்கு முந்தின மாலை கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டான். பிறகு திரும்ப மடித்து என் மடியில் வைத்துவிட்டு, "மிசா, கோவிச்சுக்காத. அங்க போய் நான் இருக்கறத எல்லாம் வைக்கணும், அப்பத்தான் நம்மள இங்க மனுசனா மதிப்பானுங்க. ஆனா என் பையில இருக்கிறதத்தான் வைப்பேன். இது அத்தன பேரோட கை. இத நான் கொண்டுபோய்த் தோத்துட்டா அத்தன பேரையும் தோத்த மாதிரி. வச்சிரு, வந்து கட்டிக்கிறேன்" என்றான். நான் கோபித்துக்கொண்டேன். மறுநாள் அவன் லாரியில் ஏறும்போதுகூட நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை, தினமும் சோறு வைக்கும்போது கொஞ்சம் திட்டிவிட்டுத்தான் வைக்கிறேன். அந்த வார்த்தையையும் எனக்குப் பிடிக்காது. அது ஆண்கள் சொல்லிவிட்டு எழுந்து போகிற வார்த்தை, பிறகு கம்பளியை மடித்து வைப்பது நாங்கள். ஆனால் அவன் அதை ஒழுங்காகச் சொன்னான். பையை உதறிக் காட்டிவிட்டுச் சொன்னான். நீ மாமன் படத்தை அலமாரியிலிருந்து எடுத்தாய், அது உன் பையில் இல்லை. அவன் கட்டாத கச்சையைக் கட்டினான் என்று போட்டாய், அதுவும் இல்லை. இப்போது மனைவியின் அப்பா கை கிழிந்து கட்டினதைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் இறக்கியிருக்கிறாய். உன்னுடையது என்று நீ இதுவரை என்ன வைத்திருக்கிறாய், சொல் பார்க்கலாம். வேலையை விட்டாயா? இல்லை, சம்பளத்தோடு லீவு போட்டிருக்கிறாய் என்று ஜூன் எழுதுகிறாள். அந்த நீலக் காரை விற்றாயா? உன் பை இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஆகவே கச்சை வராது. நானும் வரமாட்டேன் என்று நினைத்துவிடாதே. சீட்டு அனுப்பினால் வருவேன், மேடையில் ஏற்றினால் ஏறுவேன், மைக்கைக் கையில் கொடுத்தால் தையல் மிஷின் கதையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். யோசித்துக்கொண்டு அனுப்பு.

ஜூனுக்குப் பதில் எழுதிவிட்டேன். அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னவென்றும், அதைச் சொல்வதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதினேன். கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லவில்லை, அது அவள் பை. ஆனால் வெறும் கடிதம் போதாது என்று தோன்றியது. கடைக்குப் போய் வெள்ளைத் துணி எடுத்தேன், சிவப்பு நூல் வீட்டிலேயே இருந்தது. கோயில் பெண்கள் சங்கத்தில் அன்றைக்கு விற்பனை நாள், எல்லோரும் இருந்தார்கள். துணியை விரித்ததும் எல்லோரும் சுற்றிக் கூடிவிட்டார்கள், வயதானவர்கள் பல பேர் அதைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று உனக்குத் தெரியும். ரொட்டி விற்க வந்திருந்த டியோலிண்டாதான் முதலில் வாயைத் திறந்தாள். "மறுபடியும் எந்தச் சண்டைடி? யாரு வீட்டுப் பையன் போறான்?" என்றாள். பையன் இல்லை, என் மருமகள் போகிறாள் என்றேன். "யாரு கூட?" என்றாள். என் மகன் கூட என்றேன். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஷிகெகோ எழுந்து நின்று, பூந்தொட்டி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள், நான் தடுக்கவில்லை. "அப்ப எனக்கு ரெண்டு முடிச்சு குடு" என்று டியோலிண்டா சண்டை பிடித்தாள். ஒருத்திக்கு ஒன்றுதான் என்று ஒன்றுதான் கொடுத்தேன். சந்தையில் மீன் விற்கிற பிலிப்பைன் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டார்கள், துணியில் லேசாக மீன் வாசம் அடிக்கும், ஜூன் தப்பாக நினைக்கமாட்டாள். ஓகிமோட்டோ அம்மா இப்போது படுக்கையில்தான் இருக்கிறார், கண் சரியாகத் தெரிவதில்லை, விஷயத்தைக் காதில் சொன்னதும் ஊசியை வாங்கி அவரே தடவித் தடவிப் போட்டுவிட்டார். ஆயிரம் சேரவில்லை, இந்தத் தீவில் இனி சேராது. கடைசியில் நான் உட்கார்ந்தேன். புலி வருஷத்துக்காரியின் முடிச்சு, வயசுக்கு ஒன்று. போன தடவை போட்டபோது சீக்கிரம் முடிந்துவிட்டது, இந்தத் தடவை விரல் வலிக்க வலிக்கப் போட்டேன். கோபத்தோடுதான் போட்டேன், அதனால் இறுக்கமாக இருக்கும்.

பார்சல் போய்விட்டது. இந்தக் கடிதத்துக்கு முன்னால் சேர்ந்திருந்தால் ஜூனின் இடுப்பைப் பார். அவள் உனக்கு எதிரே மேசையில் உட்கார்ந்து வேண்டாம் என்று சொல்லும்போது அவள் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை என்று தெரிந்துகொள். நீ தோற்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை, பெற்ற வாய்க்கு அது வராது. ஜூன் தோற்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். இரண்டும் ஒன்றாகிவிடாமல் பார்த்துக்கொள்வது உன் கையில் இருக்கிறது. ஓட்டுக் கேட்பதைக் கேள், காரை விற்று வேலையை விட்டுக் கால் தேயத் தெருத் தெருவாக நடந்து கேள், பையை உதறிக் காட்டிவிட்டு அந்த வார்த்தையைச் சொல், கோழிக்கூண்டிலிருந்து உன் முகத்தை நானே கழற்றித் துடைத்து வாசலில் மாட்டுகிறேன். உனக்கும் ஜூனுக்கும் டெபிக்கும் நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் கிடைக்கட்டும், உனக்கு அதோடு கொஞ்சம் வெட்கமும் கிடைக்கட்டும்.

தமோட்சுவின் படத்தை மறக்காமல் அனுப்பு, மடிக்காமல், இரண்டு பக்கமும் அட்டை வைத்து. அப்புறம் ஒன்று, அந்தக் கம்பளிக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. தன் பையில் இருந்ததை முழுசாகத் தோற்றவனுக்கு ஜெயித்தவன் ஒரு கிண்ணம் சூடான சைமின் நூடுல்ஸ் சூப் வாங்கிக் கொடுப்பான், இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உறிஞ்சிக் குடிப்பார்கள். உன்னுடையதைத் தோற்றுவிட்டு எந்த நாள் எந்த நேரம் வந்தாலும் வா, முட்டை உடைத்து ஊற்றி சைமின் வைத்துத் தருகிறேன். ஜூனுடையதைத் தோற்றுவிட்டு வந்தாயானால் வாசலில் நில், அவளைக் கேட்டுவிட்டு வந்து கதவைத் திறக்கிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கும் அம்மா
மிசாயோ ஹமசாக்கி